பதிமூன்றாவது வரி

ஜனவரி 9

அக்காவுக்கு,

பதினோரு வருஷம் கழித்து எழுதுகிற கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் மூன்று தாள்களைக் கிழித்துப் போட்டுவிட்டேன். நலம் விசாரித்தால் நீ சிரிப்பாய். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

2147483647-க்கு நீ போட்ட ரஃப் தாள்கள் இன்னும் உன்னிடம் இருக்கின்றனவா? எல்லாம் வேண்டாம். பதிமூன்றாவது வரி இருக்கிற தாள் மட்டும் போதும். அசலை அனுப்ப மனமில்லை என்றால் அந்த ஒரு வரியைப் பார்த்து எழுதி அனுப்பு.

ஏன் என்று இப்போது சொல்ல மாட்டேன். முடிவைச் சொல்லிவிட்டு எண்ணைக் கேட்கக் கூடாது என்பது நம் கணக்கீட்டுப் பிரிவின் விதி. அதை மீறியவர்களை நீ எப்படி வறுத்தெடுப்பாய் என்று எனக்கு நினைவிருக்கிறது.

நடந்ததை மட்டும் ஒருமுறை எழுதிவைக்கிறேன். உனக்குத் தெரியாததில்லை. ஆனால் எந்தத் தாளிலும் மேலே 'கொடுக்கப்பட்டது' என்று எழுதாவிட்டால் எனக்குக் கை ஓடாது.

கொடுக்கப்பட்டது: நம் பிரிவு அச்சிடும் அட்டவணைப் புத்தகத்தின் பின்னிணைப்பில் பெரிய பகா எண் ஒன்றின் நிரூபணத்தை முழுதாகப் போட வேண்டும் என்று அப்போதைய மேலாளர் சீல் சார் ஆசைப்பட்டார். அந்த எண் பகா எண் என்பது உலகத்துக்கு எப்போதோ தெரியும். நம் பிரிவின் கையால் ஒருமுறை செய்துகாட்ட வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. நீ செய்தாய். இருபத்தொன்பது வரி, ஏழு வாரம். கடைசி வரியில் பூஜ்யம் வந்தது, அதாவது பகா எண்தான். உன் ரஃப் தாள்களைப் பார்த்து ஃபேர் காப்பி எழுதியவன் நான். சீல் சார் வழக்கம்போல மாதிரிக்கு நான்கு வரிகளைச் சோதிக்கச் சொன்னார். மூன்று சரி. பதிமூன்றாவது வரியைப் போட்டால் பதினான்காவது வரவில்லை. நடுவில் தப்பு, முடிவு மட்டும் சரி என்றால் பின்பாதியை எங்கேயோ பார்த்து எழுதியிருக்கிறாய் என்று அவர் முடிவு கட்டினார். ரஃப் தாளைக் கேட்டார். நீ தரவில்லை. அன்று மாலையே உன் மேஜை காலியானது. பின்னிணைப்பும் அச்சாகவில்லை.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

தம்பி


ஜனவரி 17

தம்பி,

உன் 'கொடுக்கப்பட்டது' பட்டியலில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது. இப்போது சரிபார்ப்புக்கே நீதான் தலைவனாமே, இது அழகா? நானே நிரப்பிவிடுகிறேன்.

சீல் சார் என்னிடம் கேட்பதற்கு முன்னால் உன்னிடம் கேட்டார். நானும் அந்த அறையில்தான் நின்றிருந்தேன்.

"ரஃப்ல இருந்த மாதிரியே எழுதினியாப்பா?"

"ஆமா சார். இலக்கத்துக்கு இலக்கம்."

நீ யோசிக்கக்கூட இல்லை. பஸ்ஸில் டிக்கெட் எடுத்தாயா என்று கேட்டால்கூட ஒரு தடவை சட்டைப்பையைத் தொட்டுப் பார்ப்பார்கள். நீ அதுகூடச் செய்யவில்லை. சொந்தத் தம்பி அப்படிச் சொன்ன பிறகு தாளைக் கொண்டா என்றால் என்ன அர்த்தம்? 'நீ திருடிதான், இருந்தாலும் பையைத் திறந்து காட்டு' என்று அர்த்தம். நான் பையைத் திறக்கவில்லை.

சீல் சார் அப்போது சொன்னதையும் எழுதிவைக்கிறேன், உன் ஆவணம் முழுமையாகட்டும். "கடைசி வரி பூஜ்யம். அதுக்கு முந்தின வரி 65536, இல்லேன்னா மூல எண்லேருந்து 65536-ஐக் கழிச்சது. பகா எண்ணா இருந்தா இந்த ரெண்டுல ஒண்ணுதான் வரும்னு எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்ச இடத்துல போய் நிக்கறது பெரிய விஷயமாம்மா?" கணிதப்படி அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

இப்போது நான் ஆஸ்பத்திரித் துணிக் கிடங்கில் இருக்கிறேன். போர்வை, தலையணை உறை, நோயாளிகளின் மேலங்கி. சலவைக்குப் போனது எத்தனை, திரும்பி வந்தது எத்தனை. வகுத்தால் மீதி வருகிற வேலை எதுவும் இங்கே கிடையாது. காணாமல் போவது மட்டும் உண்டு.

அம்மா இறந்தபோது இரண்டு நாள் நாம் ஒரே கூடத்தில் இருந்தோம். 'சாப்பிட்டியா' என்றுகூட நீ கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அது சரிக்குச் சரி.

தாள்கள் இருக்கின்றன. அனுப்ப மாட்டேன்.

அக்கா


ஜனவரி 25

அக்காவுக்கு,

அந்த வரியை நான் வேண்டுமென்றேதான் விட்டேன். எழுதினேன், அடித்தேன், அதற்காகவே ஒரு தாளைக் கிழித்தேன். நீ நிரப்பியது சரி. சொல்லுக்குச் சொல் அப்படித்தான் சொன்னேன்.

விதியை மீறாமல் எவ்வளவு சொல்லலாமோ அவ்வளவு சொல்கிறேன்.

போன வருஷம் நம் புத்தகத்தில் மூன்று பிழைதிருத்தச் சீட்டு ஒட்ட வேண்டிவந்தது. கப்பல்காரர்கள் பார்க்கிற அலை அட்டவணையில் ஒன்று, மடக்கை அட்டவணையில் இரண்டு. முதல் சீட்டுக்குத் தலையைச் சொறிந்தேன். இரண்டாவதுக்கு அச்சகத்தைத் திட்டினேன். மூன்றாவது வந்தபோது மூன்றையும் வரிசையாக மேஜையில் வைத்துப் பார்த்தேன். மூன்று மூலப்பிரதியும் ஒரே கையெழுத்து. மூன்று தப்பும் ஒரே மாதிரி. என்ன மாதிரி என்று இப்போது சொல்லக் கூடாது.

அன்று சாயங்காலம் உன் ஃபேர் காப்பியை அலமாரியிலிருந்து எடுத்தேன். அதன் மேல் யாரோ பதினோரு வருஷமாகக் காலண்டர்களை அடுக்கி வைத்திருந்தார்கள். பிறகு நான்கு ஞாயிற்றுக்கிழமை கணக்கு இயந்திரத்தின் கைப்பிடியைச் சுற்றினேன். சீல் சார் பதிமூன்றிலிருந்து பதினான்குக்குப் போய்ப் பார்க்கச் சொன்னார், இல்லையா? நான் ஒரு படி பின்னால் போய், பன்னிரண்டிலிருந்து பதிமூன்றைப் போட்டேன். ஃபேர் காப்பியில் இருக்கிற எண் வரவில்லை. வேறு எண் வந்தது. அந்த வேறு எண்ணிலிருந்து பதினான்காவது வரி சுத்தமாக வருகிறது. அங்கிருந்து கடைசிவரை ஒவ்வொன்றாகப் போட்டேன். 65536. பிறகு பூஜ்யம்.

ஆகவே உன் கணக்கு சரி. ஒரே ஒரு எண்ணை எழுதிவைத்ததில்தான் தப்பு. அந்த எண்ணைக் கையால் எழுதியவர்கள் இரண்டு பேர். ரஃப் தாளில் நீ, ஃபேர் காப்பியில் நான். இருவரில் யார் என்று கணிதத்துக்குத் தெரியாது. உன் தாளுக்குத்தான் தெரியும்.

இதைத் தெரிந்துகொண்டு என்ன ஆகப்போகிறது என்று நீ கேட்கலாம். ரஃப் தாளில் இடைப்பெருக்கல்கள் எல்லாம் இருக்கும். அதைக் காட்டினால் நீ எங்கேயும் பார்த்து எழுதவில்லை என்பது அலுவலகத்துக்கும் விளங்கும். எனக்குத் தெரிய வேண்டியது அதைவிடச் சின்ன விஷயம். நான் அன்று சொன்னது பொய்யா இல்லையா என்று தெரிய வேண்டும். அவ்வளவுதான்.

தம்பி


பிப்ரவரி 3

தம்பி,

என் கணக்கு சரி என்று கண்டுபிடித்துச் சொன்னதற்கு நன்றி. எனக்கு அது பதினோரு வருஷமாகத் தெரியும்.

உன் கடிதத்தை அத்தான் படித்துவிட்டார். பஸ் டிப்போவிலிருந்து வந்து கைகூடக் கழுவவில்லை, உன் தாளின் ஓரத்தில் கிரீஸ் கறை ஆகிவிட்டது. "இந்த இருபத்தொம்பது வரின்னா என்ன?" என்று கேட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இப்போதுதான் கேட்கிறார். நான் சின்ன எண்ணை வைத்துச் சொன்னேன்.

31-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டை ஐந்து தடவை பெருக்கி ஒன்றைக் கழித்தது. நாலில் தொடங்க வேண்டும். அதை அதனாலேயே பெருக்கி, இரண்டைக் கழித்து, 31-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். நாலு நாலு பதினாறு, இரண்டு போனால் 14. மறுபடி: 196, இரண்டு போனால் 194, வகுத்தால் மீதி 8. மறுபடி: 64, இரண்டு போனால் 62, மீதி பூஜ்யம். மூன்று வரியில் முடிந்தது. பூஜ்யம் வந்தால் பகா எண், வராவிட்டால் இல்லை. நான் போட்டது இரண்டை முப்பத்தொரு தடவை பெருக்கி ஒன்றைக் கழித்தது. அதற்கு இருபத்தொன்பது வரி. பெரும்பாலும் பத்து இலக்கத்தைப் பத்து இலக்கத்தால் பெருக்குகிற சமாசாரம்.

அத்தான் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "நடுவுல ஒரு நட்டு மாறினாலும் வண்டி கடைசி ஸ்டாப்புக்குப் போகாதுங்கறே."

"போகாது."

"உன் வண்டி போயிடுச்சு. அப்ப நட்டு மாறல. பேப்பர்ல மாத்தி எழுதியிருக்காங்க. இதுக்கா ரெண்டு பேரும் பதினோரு வருஷம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டீங்க?"

"முதல்ல கையைக் கழுவிட்டு வாங்க" என்றேன்.

உனக்குச் சொல்கிறேன். தாள்கள் ஒரு தலையணை உறைக்குள் கட்டி பரண்மேல் இருக்கின்றன. மூன்று வீடு மாறினோம், மூன்றிலும் நானே ஏறி வைத்தேன். இறக்கியதில்லை. பதிமூன்றாவது வரியை நான் பார்க்கவே இல்லை, தம்பி. அன்றும் பார்க்கவில்லை, இன்றுவரை பார்க்கவில்லை. அதில் தப்பு இருந்தால் எல்லாம் என்னால். அதில் தப்பு இல்லையென்றால் உன்னால். இரண்டில் எது என்று தெரியாதவரை நான் கோபப்பட ஒரு சீல் சார் இருந்தார். தெரிந்துவிட்டால் அவரை விட்டுவிட வேண்டும். அவர் இடத்தில் யாரை வைப்பது?

இப்போது நீ கேட்டுவிட்டாய். இனி பரணைப் பார்க்காமல் தூங்க முடியவில்லை. சரி, பார்த்துவிடலாம். ஆனால் நம் பிரிவின் இருவர் விதிப்படிதான். நீ கண்டுபிடித்த எண்ணை நீ எழுது. என் தாளில் இருக்கிற எண்ணை நான் எழுதுகிறேன். இருவரும் பன்னிரண்டாம் தேதி காலையில் தபாலில் போட வேண்டும். ஒருவர் கடிதம் மற்றவருக்குக் கிடைப்பதற்கு முன்னால் இரண்டும் கையை விட்டுப் போயிருக்க வேண்டும். போன் செய்யாதே. போன் செய்தால் எடுக்க மாட்டேன்.

அக்கா


பிப்ரவரி 12

அக்காவுக்கு,

பன்னிரண்டாவது வரியிலிருந்து எனக்குக் கிடைத்த பதிமூன்றாவது வரி:

1450757861

ஃபேர் காப்பியில் என் கையெழுத்தில் இருப்பது:

1450775861

இரண்டாவதைப் பெருக்கிக்கொண்டு போனால் அடுத்த வரி 1682367488 வருகிறது. முதலாவதைப் பெருக்கினால் 877666528. உன் பதினான்காவது வரி அதுதான்.

பிழைதிருத்தச் சீட்டுகளில் இருந்த தப்பு என்ன மாதிரி என்று இப்போது சொல்லலாம். நான் இலக்கங்களை இரண்டிரண்டாக மனசுக்குள் வாசித்து எழுதுகிறவன். பதினாலு, ஐம்பது, எழுபத்தஞ்சு, எழுபத்தெட்டு, அறுபத்தொண்ணு. எழுபதில் தொடங்கும் ஜோடி அடுத்தடுத்து வந்தால் என் கை இரண்டு ஏழையும் முதலில் போட்டுவிட்டு மிச்சத்தைப் பின்னால் வைக்கிறது. 75 78 என்பது 77 58 ஆகிவிடுகிறது. மூன்று சீட்டிலும் அதேதான். எண்பதில் தொடங்கினால் இப்படி நடப்பதில்லை, அறுபதிலும் இல்லை. ஏன் ஏழு மட்டும் என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு நோட்டு முழுக்க எழுதி எழுதிப் பார்த்தேன், நினைத்துக்கொண்டு எழுதினால் வரவே மாட்டேன் என்கிறது.

நீ தாளில் என்ன பார்த்திருப்பாய் என்று எனக்கு இப்போதே தெரியும். நீ பார்ப்பதற்கு முன்னால் நானாகச் சொன்னதாக இருக்கட்டும் என்றுதான் இவ்வளவு எழுதுகிறேன். தப்பு என்னுடையது.

அதைவிடப் பெரிய தப்பு ஒன்று உண்டு. அன்று "இலக்கத்துக்கு இலக்கம்" என்று சொன்னபோது வேலையில் சேர்ந்து நாலு மாதம். பயத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது. அதை விட்டுவிடலாம். ஆனால் பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பன்னிரண்டிலிருந்து ஒருமுறை போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று அன்றைக்கே தோன்றியது. ஒரு நாள் வேலை. நான் போடவில்லை. மறுநாளும் போடவில்லை. அடுத்த வாரம் உன் மேஜையை எனக்குக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு போட்டுப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

நான்கு ஞாயிற்றுக்கிழமை என்று எழுதினேன். பதினோரு வருஷத்தில் எத்தனை ஞாயிறு என்று நீ பெருக்கிக்கொள்.

தம்பி


பிப்ரவரி 12

தம்பி,

காலை ஐந்தரைக்கு ஸ்டூல் போட்டு ஏறினேன். முடிச்சு அவிழவில்லை, பல்லால் கடித்து அவிழ்த்தேன். என் தாளில் இருக்கிற பதிமூன்றாவது வரி:

1 4 5 0 7 5 7 8 6 1

அடித்தல் திருத்தல் இல்லை. பென்சில் கொஞ்சம் மங்கியிருக்கிறது, ஆனால் ஒவ்வொரு இலக்கமும் தெளிவு. கீழே பெருக்கலும் இதே எண்ணில்தான் தொடங்குகிறது. உன் எண்ணும் இதுவாக இருந்தால், தப்பு என் பக்கம் இல்லை.

பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஸ்டூல்மேல் நின்றபடியே சிரித்துவிட்டேன். 'மாட்டினான்டா' என்று நினைத்தேன், அப்படியே எழுதுகிறேன். அந்தச் சந்தோஷம் பால் பொங்குகிற நேரம்கூட நிற்கவில்லை. ஏனென்றால் அதே உறைக்குள் இன்னொரு தாள் இருந்தது. அது இருப்பதை நான் மறந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். மறக்கவில்லை.

ஒப்புச்சீட்டின் கார்பன் நகல். 'நகலை மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்தேன்.' கீழே என் கையெழுத்து.

விதி உனக்குத் தெரியும். நகலெடுத்தவர் உரக்க வாசிக்க வேண்டும், கணக்கிட்டவர் ரஃப் தாளில் விரல் வைத்துக்கொண்டு வர வேண்டும், பிறகுதான் கையெழுத்து. அன்று என் பாப்பாவுக்குக் காய்ச்சல், பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் அனுப்பியிருந்தார்கள். நீ "வாசிக்கட்டுமாக்கா?" என்று கேட்டாய். நான்தான் "வேணாம், நீ எழுதினதுதானே" என்றேன். உன் ஃபேர் காப்பியில் ஒவ்வொரு வரிக்கும் ஒன்பது சோதனை மட்டும் போட்டேன். இலக்கங்களைக் கூட்டி, ஒன்பதை நீக்கி, என் குறிப்பில் இருந்த மீதியோடு பொருந்துகிறதா என்று பார்த்தேன். எல்லாம் பொருந்தியது. கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினேன்.

இரண்டு இலக்கம் இடம் மாறினால் கூட்டல் மாறாது. ஒன்பது சோதனைக்கு அது தெரியவே தெரியாது. அதற்கு, இலக்கங்களை ஒன்றுவிட்டு ஒன்று கூட்டியும் கழித்தும் பார்க்கிற பதினொன்று சோதனை போட வேண்டும். பிரிவிலேயே இது எனக்குத்தான் நன்றாகத் தெரியும்.

நான் ஏன் ரஃப் தாளைத் தரவில்லை என்று போன கடிதங்களில் எழுதியது பொய்யில்லை, பாதி. தந்திருந்தால் அரை மணி நேரத்தில் விளங்கியிருக்கும். விளங்கின அடுத்த நிமிஷம் அவர் கேட்டிருப்பார்: "அப்ப ஒப்பிட்டுப் பார்த்தேன்னு எதுக்கும்மா கையெழுத்துப் போட்டே?" செய்யாத திருட்டுக்குப் பழி வாங்கிக்கொண்டு தலை நிமிர்ந்து வெளியே போவது எனக்குச் சுலபமாக இருந்தது. சொன்ன பொய்க்குத் தலை குனிவதுதான் முடியவில்லை.

உன்மேல் கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. இருக்கிறது. ஆனால் முன்பு இருந்த அளவு இல்லை, ஒரு பங்கு என் பக்கம் வந்துவிட்டது.

எட்டு மணிக்குத் தபால் பெட்டி திறப்பார்கள். போட்டுவிட்டு வேலைக்குப் போகிறேன்.

அக்கா


மார்ச் 2

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளுக்கு மேல் ஆகிறது. உடனே பதில் எழுதினால் மன்னிப்பு மன்னிப்பு என்றே எழுதியிருப்பேன். அதற்குப் பதிலாகச் சில வேலைகளை முடித்துவிட்டு எழுதுகிறேன்.

முதல் வேலை, இப்போதைய மேலாளர் அம்மாவிடம் உன் கடிதத்தையும் என் கடிதத்தின் நகலையும் காட்டினேன். உன்னுடையதைக் காட்ட உன்னிடம் கேட்கவில்லை, கேட்டால் நீ மறுத்திருப்பாய். அவர் தானே உட்கார்ந்து பன்னிரண்டு, பதிமூன்று, பதினான்கு மூன்று வரியையும் போட்டுப் பார்த்தார். பிறகு என் சரிபார்ப்பு முத்திரையை வாங்கி இழுப்பறைக்குள் வைத்துக்கொண்டார். இனி நான் பழைய அட்டவணைகள் இருக்கும் அறையில். ஜன்னல் இருக்கிறது, மோசமில்லை. முதல் இரண்டு நாள் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மூன்றாவது நாளிலிருந்து தூக்கம் நன்றாக வருகிறது.

இரண்டாவது, சீல் சாரைப் போய்ப் பார்த்தேன். பேரன் வீட்டு மாடியில் இருக்கிறார். கண் பாதிதான் தெரிகிறது. இரண்டு எண்களையும் பெரிதாக எழுதிக் காட்டினேன். மூக்கு இடிக்கிற தூரத்தில் வைத்துப் பார்த்தார்.

"பன்னெண்டுலேருந்து ஒரு தடவை போட்டுப் பாத்திருக்கணும்" என்றார்.

"ஆமா சார். நான் பாக்கல."

"உன்னைச் சொல்லலப்பா. என்னைச் சொல்றேன். நாலு வரி போதும்னு சொன்னது நான்தானே." தாளை மடித்து என்னிடம் கொடுத்தார். "அவ வருவாளா?"

"தெரியல சார்."

"வராட்டி நான் வரேன்னு சொல்லு. மாடிப்படி இல்லாத வீடுதானே?"

சொல்லிவிட்டேன். நீதான் பதில் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, பின்னிணைப்பு. இந்த வருஷப் புத்தகத்தில் அச்சாகிறது. இருபத்தொன்பது வரியும் முழுதாக. அதற்குமேல் அந்த எண்ணைப் பற்றி ஒரு பத்தி எழுதச் சொன்னார்கள், நான் எழுதினேன். நீ பார்த்துத் திருத்த வேண்டும் என்பதால் இங்கே போடுகிறேன்:

'2147483647. இரண்டை முப்பத்தொரு முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் கிடைப்பது. ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதனாலும் வகுபடாது. இதில் ஒன்றைக் குறைத்தால் உடனே எட்டுத் துண்டாக உடைகிறது: 2, 3, 3, 7, 11, 31, 151, 331. ஒன்றைக் கூட்டினால் வெறும் இரண்டுகளாகவே சிதறிவிடுகிறது. இதற்கு முந்தைய பகா எண் பதினெட்டு தள்ளி இருக்கிறது, அடுத்தது பன்னிரண்டு தள்ளி.'

கீழே 'கணக்கிட்டவர்' என்று உன் பெயர் வரும். 'முன்பு நிராகரிக்கப்பட்டதற்குக் காரணம் நகலெடுத்தவரின் பிழை' என்று ஒரு குறிப்பும் வரும். அதில் என் பெயர். மேலாளர் அம்மா அது தேவையில்லை என்றார். நான்தான் போடச் சொன்னேன்.

பழைய ஃபேர் காப்பியில் திருத்தக் கூடாது, புதிதாக எழுத வேண்டும் என்பது விதி. இந்த ஒன்றை மட்டும் நான் எழுதுகிறேன் என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒவ்வொரு இலக்கமா எழுதுறேன் மேடம்" என்றேன். "சரி, ஆனா கணக்கு போட்டவங்க ஒப்பிட்டுப் பாத்துக் கையெழுத்துப் போட்டாதான் அச்சுக்குப் போகும்" என்றார்.

இத்துடன் ஃபேர் காப்பியும் ஒப்புச்சீட்டும் இருக்கின்றன. ஒப்புச்சீட்டு வெற்றுத்தாளாகத்தான் இருக்கிறது. போடுவதும் போடாததும் உன் இஷ்டம். நீ போடாவிட்டால் பின்னிணைப்பு இல்லாமலே புத்தகம் வரும், நான் ஒன்றும் கேட்க மாட்டேன்.

சாப்பிட்டாயா, அக்கா?

தம்பி


மார்ச் 11

தம்பி,

என் கடிதத்தை என்னைக் கேட்காமல் காட்டியது தப்பு. நான் மறுத்திருப்பேன் என்று நீ எழுதியது சரி. அதனால் அதைப் பற்றி மேலே பேச வேண்டாம்.

பத்தியில் 'சிதறிவிடுகிறது' என்பதை 'பிரிகிறது' என்று மாற்று. எண்கள் சிதறாது. மற்றபடி சரி.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தோம். உன் ஃபேர் காப்பியை அத்தான் வாசித்தார், நான் ரஃப் தாளில் விரல் வைத்துக்கொண்டு வந்தேன். முதல் வரியிலேயே சண்டை. அவர் பஸ் நம்பர் படிக்கிற மாதிரி இரண்டிரண்டாகப் படித்தார். "ஒண்ணொண்ணாப் படிங்க" என்றேன். "உங்க குடும்பத்துக்கே இந்த வியாதியா?" என்றார். பிறகு ஒவ்வொன்றாகப் படித்தார். பன்னிரண்டாவது வரி முடிந்ததும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். பதிமூன்றாவதை மட்டும் அவராகவே இரண்டு தடவை படித்தார்.

ஒன்று, நாலு, ஐந்து, பூஜ்யம், ஏழு, ஐந்து, ஏழு, எட்டு, ஆறு, ஒன்று.

ஒன்பது சோதனையில் மீதி எட்டு. பதினொன்று சோதனையில் மீதி மூன்று. என் தாளிலும் அதே எட்டு, அதே மூன்று. மற்ற வரிகளுக்கும் இரண்டு சோதனையும் போட்டேன். முடிக்கும்போது இரண்டு மணி. அதற்குப் பிறகுதான் சாப்பிட்டேன்.

சீல் சாரை அலைய வைக்காதே. நான் போய்ப் பார்த்துக்கொள்கிறேன். அவரிடம் ஒப்புக்கொள்ள வேண்டிய ஒரு பொய் என்னிடமும் இருக்கிறது. ஞாயிறு தோது. நீ இங்கே வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போ, எனக்கு அந்த வீடு தெரியாது.

ஒப்புச்சீட்டை இதோடு வைத்திருக்கிறேன். தேதி போட்டிருக்கிறேன், இடம் விடாமல் நிரப்பியிருக்கிறேன். அதில் இருப்பதை இங்கேயும் ஒரு தடவை எழுதுகிறேன். போன தடவை எழுதியது செல்லாது.

நகலை மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்தேன்.

அக்கா